வீட்டுக் கட்டடக் காப்பீடு: வீட்டு உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டடக் காப்பீடு என்று சொல்லும்போது எதுவெல்லாம் கட்டடம்?

அடித்தளம், சுவர், கூரை, தரை, படிக்கட்டு, கதவு, சன்னல், சுவருக்குள் ஓடும் குழாய்களும் மின்கம்பிகளும், பதித்து வைத்த குளியலறைப் பொருள்கள், சுவரோடு சேர்த்துப் பொருத்திய அலமாரிகள் ஆகியவை கட்டடம். கட்டில், மெத்தை, தொலைக்காட்சி, துணிமணி, நகை போன்றவை உடைமைகள். அவற்றுக்கு வேறு காப்பீடு வேண்டும், அல்லது அதே பாலிசியில் தனிப் பிரிவு வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. கூரையைக் கழற்றிவிட்டு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கீழே விழுபவை உடைமைகள், விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை கட்டடம்.

எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்களுக்கு இந்தச் சோதனை போதாது. கூரையில் பொருத்திய சூரிய மின்தகடுகள், சுவரில் மாட்டிய குளிரூட்டி, தனியாக நிற்கும் கார் கொட்டகை, சுற்றுச்சுவர், வாயிற்கதவு, நீர்த்தொட்டி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றை ஒரு நிறுவனம் கட்டடத்தில் சேர்க்கும், இன்னொரு நிறுவனம் சேர்க்காது. சுற்றுச்சுவரையும் வேலியையும் தீயிலிருந்து காத்துவிட்டு, புயலிலிருந்து மட்டும் விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய உள்ளன. வேலி முதலில் சாய்வதே புயலில்தான் என்பது அந்த நிறுவனங்களுக்கும் தெரியும்.

காப்பீட்டுத் தொகையை எவ்வளவு என்று வைக்க வேண்டும்? வீட்டின் விலைக்கா?

இல்லை. கட்டடக் காப்பீட்டில் நிகழும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். வீட்டின் விலை என்பது நிலத்தின் விலையும் கட்டடத்தின் விலையும் அந்த இடத்துக்கான போட்டியும் சேர்ந்தது. வீடு முழுதும் எரிந்தாலும் நிலம் அப்படியேதான் இருக்கும். ஆகவே காப்பீடு செய்ய வேண்டியது மறுகட்டுமானச் செலவை மட்டுமே. அதாவது, இன்று இதே இடத்தில், இதே அளவில், இதே தரத்தில் இந்த வீட்டைத் திரும்பக் கட்டி முடிக்க எவ்வளவு ஆகும் என்பதை.

நிலம் விலையேறிய நகரில், விற்பனை விலைக்குக் காப்பீடு எடுப்பவர் நிலத்துக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறார். அந்தப் பணம் எந்தக் காலத்திலும் இழப்பீடாகத் திரும்பாது, ஏனெனில் திரும்பக் கட்டும் செலவுக்கு மேல் நிறுவனங்கள் பொதுவாகத் தருவதில்லை. நிலம் மலிவான ஊரில் நிலைமை தலைகீழ். தேக்கு உத்தரமும் சுண்ணாம்புச் சாந்தும் கைவேலைப்பாடும் கொண்ட ஒரு பழைய வீடு சந்தையில் சொற்ப விலைக்குத்தான் போகும். அதையே திரும்பக் கட்ட அந்த விலையைப் போல இரண்டு பங்கு தேவைப்படலாம். விற்பனை விலையை நம்பி அந்த வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர் பாதி வீட்டுக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறார்.

கணக்கிடும் முறை கடினமானதல்ல. எல்லாத் தளங்களின் கட்டடப் பரப்பையும் கூட்டி, அந்தப் பகுதியில் அதே தரத்தில் கட்ட இன்று சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்க வேண்டும். அதன்மேல் பலரும் மறந்துவிடும் செலவுகளைச் சேர்க்க வேண்டும். எரிந்த அல்லது இடிந்த கட்டடத்தில் எஞ்சியதைப் பாதுகாப்பாக இடிப்பது, இடிபாடுகளை அள்ளி அகற்றுவது, கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் கட்டணம், அனுமதிக் கட்டணம், வரி ஆகியவை அவை. பழைய வீடாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: முதலில் கட்டிய காலத்து விதிகளின்படி அல்லாமல் இன்றைய விதிகளின்படிதான் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கும். கூடுதல் கம்பி, அகலமான படிக்கட்டு, புதிய மின்பாதுகாப்புச் சாதனம் என அதற்கு ஆகும் கூடுதல் செலவைப் பல பாலிசிகள் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் ஏற்கும்.

ஒருமுறை போட்ட கணக்கு நிலைக்காது. சிமென்ட், கம்பி, கூலி ஆகியவற்றின் ஏற்றத்தோடு தொகையை ஆண்டுதோறும் தானே உயர்த்தும் ஏற்பாடு சில பாலிசிகளில் உண்டு; இல்லாவிட்டால் புதுப்பிக்கும்போது நீங்களே உயர்த்த வேண்டும். ஒரு மாடி எடுத்தாலோ சமையலறையை மாற்றிக் கட்டினாலோ அடுத்த புதுப்பிப்பு வரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும். பெரும் புயலுக்கோ நிலநடுக்கத்துக்கோ பிறகு ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கொத்தனாரைத் தேடும்; கூலியும் பொருளும் அப்போது ஏறுவது எல்லா நாட்டிலும் கண்ட ஒன்று. இறுகக் கணக்கிட்ட தொகை அந்த நேரத்தில் போதாமல் போகும்.

குறைத்து எழுதினால் என்ன? வீடு முழுவதுமாகவா இடிந்துவிடப் போகிறது?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்கு எதிராகத்தான் பாலிசியில் ஒரு விகித விதி இருக்கிறது. ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 48 இலட்சத்துக்கு எழுதியிருக்கிறார். அது உண்மைச் செலவில் 60 விழுக்காடு. சமையலறையில் தீப்பிடித்து 10 இலட்சம் சேதம் ஆகிறது. 48 இலட்சம் வரை காப்பீடு இருக்கிறதே, 10 இலட்சம் முழுமையாகக் கிடைக்கும் என்று அவர் நம்புவார். விகித விதி உள்ள பாலிசியில் அவருக்குக் கிடைப்பது 60 விழுக்காடான 6 இலட்சம்தான். அதிலும் தொடக்கத் தொகை, அதாவது ஒவ்வொரு இழப்பிலும் அவரே ஏற்க வேண்டிய முதல் பகுதி, கழியும். மீதி 40 விழுக்காட்டுக்கு அவரே தமக்குக் காப்பீட்டாளர் என்பது நிறுவனத்தின் தருக்கம்.

எல்லாப் பாலிசியிலும் இந்த விதி இருப்பதில்லை. இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவடிவ வீட்டுப் பாலிசியில், இப்படிக் குறைத்து எழுதிய குறைக்காப்பீட்டுக்காக இழப்பீட்டை விகிதப்படி குறைப்பதில்லை. ஆனாலும் எழுதிய காப்பீட்டுத் தொகைதான் உச்சவரம்பு. வீடு முழுதும் போனால் அந்தக் குறைவு அப்படியே உங்கள் தலையில் விழும்.

‘புதுமதிப்பு’, ‘தேய்மானம் கழித்த மதிப்பு’ என்று இரண்டு சொல்கிறார்களே?

இருபது ஆண்டு பழைய ஓட்டுக் கூரை புயலில் பறந்தது என்று கொள்வோம். புதுமதிப்பு அடிப்படையில் எடுத்த பாலிசி, புதிய கூரை போட ஆகும் செலவைத் தரும். தேய்மானம் கழிக்கும் பாலிசி, கூரையின் ஆயுள் நாற்பது ஆண்டு என்று கணித்தால், பாதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். பாதிக் கூரையை யாரும் போட்டுத் தர மாட்டார்கள் என்பதால் எஞ்சியதை நீங்கள் போட வேண்டும். வீட்டுக்கு எடுக்கும்போது புதுமதிப்பே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நிபந்தனை மட்டும் நினைவிருக்கட்டும்: புதுமதிப்புப் பாலிசிகள் பலவும் நீங்கள் உண்மையில் கட்டி முடித்த பிறகே முழுத்தொகையைத் தரும். கட்டாமல் பணமாகக் கேட்டால் தேய்மானம் கழித்துத்தான் வரும்.

எந்தெந்த நிகழ்வுகளுக்கு இழப்பீடு உண்டு?

பாலிசிகள் இருவகை. முதல்வகை, ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும்: தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், கலவரம், வாகனமோ மரமோ மோதுதல், நீர்த்தொட்டி அல்லது குழாய் உடைதல் போன்றவை. பட்டியலில் இல்லாதது இல்லை. இரண்டாம் வகை, விலக்கியவை தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கும். இரண்டிலும் ஒரு பொது இழை ஓடுகிறது: திடீரென்று, எதிர்பாராமல் நிகழ்ந்ததற்குத்தான் காப்பீடு. துரு, கறையான், பூஞ்சை, வெயிலில் வெளிறுதல், தவறான கட்டுமானம், பராமரிக்காமல் விட்டதன் விளைவு ஆகியவற்றுக்கு எந்தப் பாலிசியும் பணம் தருவதில்லை. இவை நிகழ்வதில்லை, நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன.

பட்டியலில் ‘புயல்’ என்று இருந்தாலும் அந்தச் சொல்லுக்குப் பாலிசி என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் காப்பீட்டாளர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், குறைந்தது மணிக்கு 55 மைல் வேகத்தில் வீசும் காற்றையே புயல் என்று கொள்கிறது. அந்நாட்டின் நிதிக் குறைதீர்ப்பாளர் புயல் வழக்குகளில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பார்: அன்று உண்மையில் புயல் அடித்ததா, இந்தச் சேதம் புயலால் வரக்கூடியதா, முதன்மைக் காரணம் புயல்தானா. எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் கிளைமை, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை, எழுதுவதற்கு முன் இந்த மூன்றையும் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது. புயல் ஓட்டைப் பெயர்த்து மழை உள்ளே வந்தால் காரணம் புயல். ஓடு ஏற்கெனவே நழுவிக் கிடந்து அன்றைய மழை உள்ளே வந்தால் காரணம் ஓடு.

வெள்ளமும் நிலநடுக்கமும் பாலிசிக்குள் தாமாகவே அடங்கிவிடுமா?

நாட்டைப் பொறுத்தது, அயல்நாட்டு உறவினர் சொன்னதை நம்பி முடிவெடுக்கக் கூடாத இடம் இது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி வெள்ளத்தை விலக்குகிறது. அதனால்தான் 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் சட்டமாகியது. அதை வாங்கினாலும் வழக்கமாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வருவதால், வானிலை எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு வாங்கிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் நிலநடுக்கமும் தனிப் பாலிசிதான். 1994இன் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின் நிறுவனங்கள் பின்வாங்கியபோது 1996இல் அதற்கென்றே ஓர் ஆணையம் தோன்றியது. பிரிட்டனில் வெள்ளம் பொதுவாக உள்ளேயே இருக்கிறது. ஆபத்து மிகுந்த பகுதிகளுக்காக 2016இல் ‘ஃப்ளட் ரீ’ என்ற மறுகாப்பீட்டு ஏற்பாடு, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஏற்பாடு, வந்தது, 2009 சனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. நியூசிலாந்தில் 1945 முதலே அரசு அமைப்பு ஒன்று நிலநடுக்க இழப்பின் முதல் பகுதியை ஏற்று வருகிறது. அதற்கான கட்டணம் தனியார் வீட்டுப் பாலிசியோடு சேர்ந்தே வசூலாகிறது. சப்பானில் 1964இன் நீகாத்தா நிலநடுக்கத்துக்குப் பின் 1966இல் வந்த சட்டப்படி, நிலநடுக்கக் காப்பீட்டைத் தீக் காப்பீட்டோடு இணைத்து எடுக்கலாம். ஆனால் தீக் காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 விழுக்காடு வரைதான். இந்தியாவின் பாரத் கிருஹ ரக்ஷாவிலோ வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அடிப்படையிலேயே உண்டு.

குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது. குழாய்க் கசிவுக்குக் காப்பீடு உண்டா?

குழாய் வெடித்து ஒரே இரவில் தளம் நனைந்தால் உண்டு. மாதக்கணக்கில் ஊறினால் பெரும்பாலும் இல்லை. இரண்டில் எது நடந்தது என்பதை, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் உங்களைக் கேட்பதற்கு முன் சுவரைக் கேட்பார். திடீரென நனைந்த சுவரில் கறைக்கு ஒரே விளிம்புதான் இருக்கும். பூச்சு ஊறியிருக்கும், ஆனால் தட்டினால் இன்னும் கெட்டியாகவே ஒலிக்கும். நாள்பட்ட கசிவில் கறை மரத்தின் ஆண்டு வளையம் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒருமுறை நனைந்து காய்ந்ததன் சுவடு. வெளிவிளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும், கீழே கரும்பூஞ்சை படர்ந்திருக்கும், விரலால் அழுத்தினால் பூச்சு மாவாக உதிரும். அருகிலுள்ள மரச்சட்டத்தில் சாவி நுனியைக் குத்திப் பார்ப்பார். உள்ளே இறங்கினால் அது ஒரு வாரத்து ஈரம் அல்ல.

இங்கே உரிமையாளருக்கு நியாயமான ஒரு வாதமும் உண்டு. சுவருக்குள் மறைந்திருந்த கசிவு வெளியே தெரிந்த நாளன்றே தெரிவித்திருந்தால், அதற்கு முந்தைய காலத்தை அவர் அறிந்திருக்க வழியில்லை. சில பாலிசிகள் இதை ஏற்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. பல அப்படி இல்லை. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சுவரையும் தரையையும் உடைத்து மூடும் செலவு தனிப் பிரிவாக, தனி வரம்போடு வரும். உடைந்த அந்த ஒரு துண்டுக் குழாயை மாற்றும் செலவைப் பல நிறுவனங்கள் பராமரிப்பு என்று சொல்லி விலக்கிவிடும். ஆகவே கிளைம் எழுதும்போது கண்டுபிடித்த செலவு, பழுது பார்த்த செலவு, நீர் விளைத்த சேதம் ஆகிய மூன்றையும் தனித்தனி ரசீதாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே ரசீதாக இருந்தால் மூன்றும் சேர்ந்தே மறுக்கப்படக்கூடும்.

சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. அது நிலம் இறங்கியதன் அடையாளமா?

பெரும்பாலான விரிசல்கள் அப்படி அல்ல. புதுப் பூச்சு காய்வதும், வெயிலில் சுவர் விரிந்து சுருங்குவதும், புதிய கட்டடம் தன் எடைக்கு அமர்வதும் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். பாலிசிகள் இந்த இயல்பான அமர்வை விலக்கியே வைத்திருக்கும். கவலைப்பட வேண்டிய விரிசலுக்குச் சில குறிகள் உண்டு. சன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து சாய்வாக ஏறும். ஒரு முனை குறுகி மறுமுனை அகன்றிருக்கும். வீட்டின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும். 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கும். கதவு திடீரென இறுகத் தொடங்கும். களிமண் நிலம் வறண்டு சுருங்குவது, அருகிலுள்ள பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சுவது, உடைந்த கழிவுநீர்க் குழாய் அடிமண்ணை அரிப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

செய்ய வேண்டிய முதல் வேலை பூசி மறைப்பதல்ல. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் அகலத்தை அளந்து குறியுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள், மாதம் ஒருமுறை திரும்ப அளவெடுங்கள். நிறுவனம் அனுப்பும் பொறியாளரும் பல மாதம் இதையேதான் செய்யப்போகிறார். ஆனால் குறிகளைப் பார்த்து ஐயம் வந்த அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். பிரிட்டனில் நிலம் இறங்குதல் 1971 முதல்தான் வீட்டுப் பாலிசிகளில் பரவலாக இடம்பெற்றது. அதற்கு உரிமையாளர் ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை மற்றவற்றைவிட உயர்வாக, வழக்கமாக 1,000 பவுண்டாக, இருக்கிறது. கடலோர அரிப்பையும் ஆற்றங்கரை அரிப்பையும் இந்தப் பிரிவு பொதுவாக ஏற்காது.

அடுக்குமாடியில் என் வீட்டுக்கு நான் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டுமா?

முதலில், மொத்தக் கட்டடத்துக்கும் சங்கமோ நிர்வாக அமைப்போ ஒரே பாலிசி எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ச்சொல்லை ஏற்காமல் பாலிசியின் நகலை வாங்குங்கள். கூரையும் தூணும் படிக்கட்டும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பதால் அவற்றை ஒருவர் மட்டும் காப்பீடு செய்துவிட முடியாது. பொதுப் பாலிசி இருந்தாலும் அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது முக்கியம்: சிலவற்றில் உங்கள் வீட்டின் வெறும் சுவர் வரை, சிலவற்றில் முதலில் கட்டிக் கொடுத்த தரை, குழாய், கதவு வரை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடன் உள்ளவர்களுக்குக் கட்டாயமாக உள்ள தீக் காப்பீடு, கழகம் கட்டிக் கொடுத்த கட்டமைப்பையும் பொருத்துகளையும் மட்டுமே ஏற்கும். பின்னர் நீங்கள் செய்த புதுப்பிப்பு வேலைகளும் உடைமைகளும் அதில் இல்லை. கட்டாயக் காப்பீடு ஒன்று இருக்கிறது என்பதாலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

வங்கிக் கடன் வாங்கும்போதே ஏதோ காப்பீட்டுக்குப் பணம் பிடித்தார்கள். அது இதுதானே?

ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு வேறு, வீடு எரிந்தால் பணம் தரும் கட்டடக் காப்பீடு வேறு. பிடித்தது முதலாவதாக இருந்தால் உங்கள் சுவர்களுக்குக் காப்பீடே இல்லை. கட்டடக் காப்பீடாகவே இருந்தாலும் அது கடன் தொகை அளவுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். வங்கிக்குத் தேவை தன் கடன், உங்களுக்குத் தேவை வீடு. கடன் உள்ளவரை பாலிசியில் வங்கியின் பெயர் அடமானதாரராக இருக்கும், பெரிய இழப்பீடு முதலில் அங்கேதான் போகும். கடன் அடைந்ததும் அந்தப் பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள், பாலிசியையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு நெடுநாள் வெளியூர் போகலாமா? வாடகைக்கு விடலாமா? கட்டட வேலை தொடங்கலாமா?

மூன்றும் செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஆளில்லாத வீட்டில் சிறு கசிவும் பெருவெள்ளமாகும் என்பதால் பல பாலிசிகள் தொடர்ச்சியாக 30 அல்லது 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் திருட்டு, நீர்ச்சேதம் போன்ற சிலவற்றை நிறுத்திவைக்கும். வாடகைக்கு விட்டால் உரிமையாளர் வசிக்கும் பாலிசி பொருந்தாமல் போகலாம். கூரையைப் பிரிக்கும் வேலை, தாங்குசுவரை எடுக்கும் வேலை, வெல்டிங் ஆகியவை இன்னும் ஆபத்தானவை. ஒப்பந்தக்காரருக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா என்று வேலைக்கு முன் பாருங்கள்.

பிரீமியத்தை எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? விண்ணப்பத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

இலண்டனில் 1666இல் நகரின் பெரும்பகுதி எரிந்த பின், ஏறத்தாழ 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் தொடங்கிய தீக் காப்பீட்டகம் மரவீட்டுக்குச் செங்கல் வீட்டைப் போல இரண்டு மடங்கு கட்டணம் கேட்டது. இன்று கேள்விகள் கூடியிருக்கின்றன, வழி மாறவில்லை: எதனால் கட்டியது, எப்போது கட்டியது, கூரை எது, எங்கே இருக்கிறது, முன்பு என்ன இழப்பு வந்தது. தொடக்கத் தொகையை, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்கும் எக்ஸஸை, உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும்; சிறு சேதத்தைக் கைப்பணத்தில் சமாளிக்கக்கூடியவர்களுக்கு இது நல்ல பேரம்.

கேட்ட கேள்விகளுக்கு உண்மையாகவும் முழுமையாகவும் பதில் எழுத வேண்டும். பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு தவறில்லாமல் பதில் சொல்வதே தனிநபரின் கடமை. வேறு பல நாடுகளில் கேட்காவிட்டாலும் முக்கியமான உண்மைகளைத் தாமாகச் சொல்லும் கடமை இன்னும் உண்டு. முகவர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திட்டாலும் பதில் உங்களுடையதாகவே கொள்ளப்படும். ஆகவே படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சேதம் ஆகிவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஆள்களின் பாதுகாப்பு முதலில். மின்சாரத்தையும் நீரையும் நிறுத்துங்கள். எதையும் அகற்றுமுன் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். பிறகு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சேதம் பெருகாமல் தடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு: கூரைக்குத் தார்ப்பாய் போடலாம், உடைந்த சன்னலைப் பலகையால் மூடலாம், ரசீதை வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கேட்கலாம். நிரந்தரப் பழுதுபார்ப்பைச் சர்வேயர் பார்க்கும்வரை தொடாதீர்கள். வெடித்த குழாய்த்துண்டு, கருகிய சுவிட்சுப் பெட்டி போன்றவற்றைத் தூக்கி எறியாதீர்கள். காரணத்தைச் சொல்லும் சாட்சி அவைதாம். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றால் காவல் நிலையப் புகார் தேவைப்படும்.

வீடு குடியிருக்கத் தகுதியற்றதாகிவிட்டால் மாற்று வாடகை பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கால வரம்போ தொகை வரம்போ இருக்கும், மறுகட்டுமானம் எப்போதும் சொன்ன காலத்தைத் தாண்டும்.

சர்வேயர் யாருடைய ஆள்?

அவருக்குக் கட்டணம் தருவது நிறுவனம். அதற்காக அவரைப் பகைவராக நடத்த வேண்டியதில்லை. அவர் வரும்போது உடனிருங்கள், சேதமான ஒவ்வோர் இடத்தையும் காட்டுங்கள், உங்கள் சொந்த மதிப்பீட்டை ஒரு கட்டுமானக்காரரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள்; “ரொம்ப நாளாகவே கொஞ்சம் கசிவு இருந்தது” என்று பேச்சுவாக்கில் ஊகமாகச் சொன்ன ஒரு வரி அறிக்கையில் ஏறினால் இறங்காது. அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.

கிளைமை மறுத்துவிட்டார்கள், அல்லது மிகக் குறைவாகத் தருகிறார்கள்.

எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பிரிவைச் சொல்லாத மறுப்பு முழுமையான மறுப்பல்ல. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதைத் தாண்டினால்தான் வெளி அமைப்புகள் ஏற்கும். இந்தியாவில் நிறுவனம் மறுத்தால், அல்லது ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 50 இலட்சம் ரூபாய் வரையான பிணக்குகளை அவர் விசாரிப்பார், அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிரிட்டனில் நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். இறுதிப் பதில் வந்தபின் ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். தொகையில் மட்டும் வேறுபாடு என்றால், மறுப்பில்லாத பகுதியை முதலில் தரும்படி கேளுங்கள். அதைப் பெறும்போது ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ என்ற வாசகத்தில் கையெழுத்திடுகிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்கும்போது பாலிசி வாங்குபவருக்குப் போய்விடுமா?

தானாகப் போகாது. பாலிசி வீட்டோடு அல்ல, அதன் உரிமையாளரோடு செய்த ஒப்பந்தம். விற்பவர் உரிமை மாறும் நாள் வரை அதை நிறுத்தக் கூடாது. வாங்குபவர், ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தே இழப்பின் பொறுப்பு தம்மேல் வருகிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டு, வருமானால் சாவி கைக்கு வரும்முன்பே தம் பெயரில் பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும்.